தப்பான ஃபைலைச் சப்மிட் செய்துவிட்டீர்களா? பிரிட்டனில் படிக்கிறவர்களுக்கான கேள்வி பதில்

செப்டம்பரில் எம்எஸ்சி படிக்க வந்து இறங்கி, ஜனவரியில் முதல் பெரிய டெட்லைனைச் சந்திக்கிற நம் பிள்ளைகளிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. பழைய டிராஃப்டைப் போட்டுவிட்டேன், வேறு மாட்யூலுக்கு (பாடத்துக்கு) எழுதியதை இதில் போட்டுவிட்டேன், ஃபைல் திறக்கவே இல்லையாம், இப்படி. விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், ஒரே பல்கலைக்கழகத்துக்குள் டிபார்ட்மென்ட்டுக்கு டிபார்ட்மென்ட் கூட மாறும். அதனால் உங்கள் மாட்யூல் ஹேண்ட்புக்கை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டே படியுங்கள்.

டெட்லைனுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மாற்றிவிடலாமா?

மாற்றலாம். இப்போதே, இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே மாற்றுங்கள். பெரும்பாலான மாட்யூல்களில் டெட்லைன் வரை மாற்ற விட்டிருப்பார்கள், கடைசியாகக் கிடக்கிற ஃபைலைத்தான் திருத்துவார்கள்.

மூடில், கான்வாஸ், டர்னிட்டின் எல்லாம் பல்கலைக்கழகங்கள் அசைன்மென்ட் வாங்குகிற ஆன்லைன் தளங்கள், டர்னிட்டின் காப்பி அடித்ததா என்றும் சோதிக்கும். மூடிலில் 'எடிட் சப்மிஷன்' போய்ப் பழைய ஃபைலை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டு 'சேவ் சேஞ்சஸ்' அழுத்த வேண்டும். நீக்காமல் புதியதை மட்டும் சேர்த்தால் (ஒன்றுக்கு மேல் போட அந்த மாட்யூலில் அனுமதி இருந்தால்) இரண்டும் அங்கேயே கிடக்கும், திருத்துகிறவர் எதைத் திறப்பார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கான்வாஸில் 'நியூ அட்டெம்ட்'. அங்கே பழையது அழியாது, ஆசிரியருக்கு இரண்டுமே தெரியும், ஆனால் அவர் திறக்கும்போது கடைசியாக வந்ததுதான் முன்னால் நிற்கும். ஃபைல் பெயருக்குப் பின்னால் அதுவாகவே ஒரு -1 ஒட்டிக்கொள்ளும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். டர்னிட்டினில் மறுபடி போட்டால் பழையதின் இடத்தில் புதியது உட்காரும். மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுகிற சிமிலாரிட்டி ரிப்போர்ட் முதல் மூன்று முறை சீக்கிரம் வரும், அதற்கு மேல் 24 மணி நேரம் காக்க வைப்பார்கள். ரிப்போர்ட் தாமதமானால் சப்மிஷன் தாமதமானது என்று அர்த்தமில்லை, ஃபைல் போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு.

மாற்றும் பட்டனே இல்லையா? அந்த மாட்யூலில் ஒரே வாய்ப்புதான் என்று வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் டெட்லைனுக்கு முன்பே மாட்யூல் லீடருக்கு மெயில் போடுங்கள். நேரம் இருக்கும்போது கேட்டால் அவர் உங்கள் சப்மிஷனைத் திறந்துவிட ஒரு நிமிடம் போதும்.

மூடிலில் 'டிராஃப்ட்' என்று காட்டுகிறது. போட்டாயிற்றா இல்லையா?

இல்லை. சில மாட்யூல்களில் ஃபைலை ஏற்றினால் மட்டும் போதாது, அதற்கப்புறம் 'சப்மிட் அசைன்மென்ட்' என்று ஒரு பட்டன் வரும், அதையும் அழுத்தி, இது என் சொந்த வேலைதான் என்கிற உறுதிமொழிக்கு டிக் போட வேண்டும். நிலை 'சப்மிட்டட் ஃபார் கிரேடிங்' என்று மாறினால்தான் முடிந்தது. டிராஃப்டாகவே நின்றுவிட்ட ஃபைலை ஆசிரியரால் பார்க்க முடியும், சிலர் மனசு வைத்து எடுத்துக்கொள்வார்கள், சிலர் லேட் என்று போடுவார்கள். இதில் ஒரு நல்லது: ஃபைல் ஏறிய நேரம் சிஸ்டத்திலேயே பதிவாகியிருக்கும், அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு வாயிருக்கிறது.

டெட்லைன் முடிந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. இப்போதுதான் பார்க்கிறேன். முதல் வேலை என்ன?

சரியான ஃபைலைத் தொடாதீர்கள். திறந்து ஒரு எழுத்துப் பிழை திருத்தலாமே, முகப்புப் பக்கத்தில் மாணவர் எண் விட்டுப்போயிற்றே என்றெல்லாம் கை துறுதுறுக்கும், வேண்டாம். டெட்லைனுக்கு முன்பே முடித்த வேலை இது என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். அதற்கு இருக்கிற சாட்சியே அந்த ஃபைலின் 'கடைசியாக மாற்றிய நேரம்'தான், ஒரு தடவை சேவ் அழுத்தினால் அது போயிற்று. பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினாலும் அந்த பிடிஎஃப் இன்றைய நேரத்தில்தான் பிறக்கும், அதனால் மூல வேர்டு ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள்.

அப்புறம், சிஸ்டம் ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். மூடிலில் 'ட்யூ டேட்' ஒன்று, 'கட்-ஆஃப் டேட்' ஒன்று. முதலாவது தாண்டினால் லேட் என்று சிவப்பில் குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது தாண்டினால் கதவு சாத்தியாயிற்று. டர்னிட்டினில் ஒரு வேடிக்கை உண்டு. லேட்டாகப் போட அனுமதி இருந்தாலும், பெரும்பாலும் அது ஒன்றுமே போடாதவர்களுக்குத்தான், ஏற்கெனவே ஏதோ ஒன்றைப் போட்டவர்களால் டெட்லைனுக்கு அப்புறம் மாற்ற முடியாது. தூங்கிப்போனவனுக்குத் திறந்திருக்கிற கதவு, நேரத்தில் வந்து தப்பான ஃபைலைப் போட்டவனுக்கு மூடியிருக்கும். நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

கதவு திறந்திருந்தால் உடனே மாற்றிவிடாதீர்கள், அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மூடியிருந்தால் நேராக மெயில்தான்.

பழைய டிராஃப்ட்தான் போயிருக்கிறது. அதையே விட்டுவிடுவதா, லேட் ஆனாலும் சரியானதைப் போடுவதா?

இதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. ஆனால் பதற்றத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை. பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் லேட்டான ஒவ்வொரு நாளுக்கும் 5 அல்லது 10 மதிப்பெண் கழிப்பார்கள், சில நாள் தாண்டினால் பூஜ்ஜியம். மாஸ்டர்ஸ் பாஸ் மார்க் பொதுவாக 50, இளநிலைக்கு 40.

உங்கள் இறுதி ஃபைலுக்கு 68 வரும் என்று வைத்துக்கொள்வோம், டிராஃப்டுக்கு 58. நாளுக்கு 5 கழிக்கிற இடமென்றால் முதல் நாளே மாற்றினால் 63 கிடைக்கும், லாபம். நாளுக்கு 10 என்றால் 58, இரண்டும் ஒன்றுதான், பேசாமல் இருந்துவிடலாம். சில இடங்களில் '5 சதவீதம்' என்று எழுதியிருப்பார்கள், அது 5 மதிப்பெண்ணா, வாங்கிய மதிப்பெண்ணில் 5 சதவீதமா என்று கவனியுங்கள். 68இல் 5 சதவீதம் 3.4தான். இன்னும் சில இடங்களில் லேட்டாக வந்தது எதுவாக இருந்தாலும் பாஸ் மார்க்குக்கு மேல் கிடையாது. அங்கே முக்கால்வாசி முடிந்த டிராஃப்டை மாற்றப்போனால் 58 கையைவிட்டுப் போய் 50தான் மிஞ்சும்.

போனது டிராஃப்டே இல்லை, வேறு ஏதோ ஃபைல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். லேட்டோ என்னவோ, சரியானதைப் போடுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 'டெட்லைன் நேரத்தில் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் திருத்துவோம், மாற்ற விடமாட்டோம்' என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிற பல்கலைக்கழகங்களும் உண்டு. ஹேண்ட்புக்கில் அந்த வரி இருந்தால் முடிவு உங்கள் கையில் இல்லை, கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மெயில் யாருக்கு, எப்படி எழுதுவது?

மாட்யூல் லீடருக்கு எழுதி, அசைன்மென்ட்டைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்கு சிசி போடுங்கள். பல இடங்களில் மாட்யூல் லீடருக்கே டெட்லைனை மாற்ற அதிகாரம் கிடையாது, அலுவலகத்தில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். நம்மவர்கள் ஆசிரியருக்கு மட்டும் நீளமாக எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருப்பார்கள், அவர் மாநாட்டுக்குப் போயிருப்பார்.

'மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் கருணை கூர்ந்து' என்கிற காலேஜ் லீவ் லெட்டர் நடையை ஊரிலேயே விட்டுவிடுங்கள். குடும்பக் கஷ்டம், ஸ்காலர்ஷிப், அப்பா வாங்கிய கடன் எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஆறேழு வரி போதும், விஷயம் இப்படி இருக்கட்டும்: இன்ன மாட்யூல், இன்ன அசைன்மென்ட், என் மாணவர் எண் இது. 12 மணி டெட்லைனுக்கு 11:42க்கு சப்மிட் செய்தேன், ஆனால் இறுதி ஃபைலுக்குப் பதிலாகப் பழைய டிராஃப்ட் போய்விட்டது, 12:20க்குத்தான் கவனித்தேன். சரியான ஃபைலை இத்துடன் இணைத்திருக்கிறேன், டெட்லைனுக்குப் பிறகு அதில் எதுவும் மாற்றவில்லை, வெர்ஷன் ஹிஸ்டரியின் படமும் இருக்கிறது. இதை ஏற்க முடியுமா, முடியாதென்றால் நான் செய்யக்கூடியது என்ன?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முடியாது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாதபடி அது ஒரு பதிலை வாங்கித்தரும். சரியான ஃபைலை இணைக்காமல் 'அனுப்பட்டுமா' என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கேட்க வேண்டாம், இணைத்தே அனுப்புங்கள். அவர்கள் ஏற்காவிட்டாலும், 12:25க்கு அந்த ஃபைல் உங்களிடம் முழுதாக இருந்தது என்பதற்கு அவர்களுடைய மெயில் சர்வரே சாட்சி.

நேரத்துக்கு முடித்துவிட்டேன் என்று எப்படி நிரூபிப்பது?

கூகுள் டாக்ஸிலோ ஒன்டிரைவிலோ எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த மாற்றம் என்று சர்வரில் பதிந்திருக்கும், அதை உங்களால் திருத்த முடியாது என்பதால் நம்புவார்கள். கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்த வேர்டு ஃபைல் என்றால் 'ஃபைல்' மெனுவில் 'இன்ஃபோ' பக்கத்தில் கடைசியாக மாற்றிய நேரம் தெரியும். அது ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, மெயிலில் போனாலும் கூடவே போகும். ஆனால் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி அதை யாரும் பொய்யாக உருவாக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நண்பனுக்கோ உங்களுக்கே நீங்களோ முதல் நாள் மெயிலில் அனுப்பி வைத்திருந்தால் அது இன்னும் பலம்.

வேறு மாட்யூலுக்கு எழுதியதை இங்கே போட்டுவிட்டேன். டர்னிட்டினில் மாட்டிக்கொள்வேனா?

மாட்டுவதற்கு நீங்கள் திருடவில்லை, ஆனால் குழப்பம் வரும். டர்னிட்டினில் ஏறிய ஃபைல் வழக்கமாக அதன் கிடங்கில் தங்கிவிடும், மாணவரால் அழிக்க முடியாது. நாளைக்கு அதே கட்டுரையை அதற்குரிய மாட்யூலில் போடும்போது, ஏற்கெனவே கிடங்கில் கிடக்கிற உங்கள் கட்டுரையோடே ஒத்துப்போய் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டும். ஒரே அசைன்மென்ட் பெட்டிக்குள் மாற்றிப் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை, வேறு பெட்டிக்குப் போகும்போதுதான்.

செய்ய வேண்டியது, இரண்டாவது மாட்யூலின் ஆசிரியருக்கு முன்கூட்டியே ஒரு மெயில். அவர் ரிப்போர்ட்டில் அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கிப் பார்த்துக்கொள்வார். கிடங்கிலிருந்தே நீக்க வேண்டுமென்றால் ஆசிரியர் வழியாகப் பல்கலைக்கழக நிர்வாகியிடம் போக வேண்டும், நடக்கும், நாளாகும்.

ரூம்மேட்டின் ஃபைல் என் லேப்டாப்பில் இருந்தது, தெரியாமல் அதைப் போட்டுவிட்டேன்...

இது கொஞ்சம் சீரியஸ். அவனும் அதே மாட்யூல் என்றால் இரண்டு ஃபைலும் ஒன்றாக வந்து விழும், கொல்யூஷன் (கூட்டுச் சேர்ந்து காப்பியடித்தல்) என்கிற பெயரில் விசாரணை இரண்டு பேருக்கும் வரும். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிட வேண்டும், உங்கள் சொந்த ஃபைலையும் அதன் வெர்ஷன் ஹிஸ்டரியையும் கையோடு வைத்து. அவன் ஃபைல் உங்களிடம் எதற்கு இருந்தது என்று கேட்பார்கள். பிழை பார்க்கக் கொடுத்தான் என்றால் பிழை பார்க்கக் கொடுத்தான் என்றே சொல்லுங்கள். நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்று கதை கட்டினால் அவன் வேறொரு கதை சொல்வான், அங்கேதான் இரண்டு பேரும் சிக்குவீர்கள். மாணவர் யூனியனில் ஆலோசனை மையம் இருக்கும், இலவசம், பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்படாதது. விசாரணைக்குப் போவதற்கு முன் அவர்களைப் பாருங்கள், கூட வந்து உட்காரவும் செய்வார்கள்.

ஃபைல் திறக்கவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். என் கம்ப்யூட்டரில் திறக்கிறதே?

அடிக்கடி நடப்பது கூகுள் டிரைவை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டராக வைத்திருப்பவர்களுக்கு. அங்கே தெரிகிற கூகுள் டாக்ஸ் ஃபைலின் பெயர் .ஜிடாக் என்று முடியும். அதற்குள் உங்கள் கட்டுரை இல்லை, கட்டுரை இருக்கிற இடத்தின் முகவரி மட்டும்தான் இருக்கிறது. அளவைப் பார்த்தால் ஒரு கேபி. உங்கள் அக்கவுண்டில் திறக்கும், ஆசிரியருக்குத் திறக்காது. மாக் வைத்திருப்பவர்களுக்கு இதே கதை பேஜஸ் ஃபைலில் நடக்கும். வேர்டாகவோ பிடிஎஃப் ஆகவோ டவுன்லோட் செய்து அதைத்தான் ஏற்ற வேண்டும். பாஸ்வேர்டு போட்ட ஃபைலையும், எழுத்தே இல்லாமல் ஸ்கேன் படமாக மட்டும் இருக்கிற பிடிஎஃப்பையும் டர்னிட்டின் வாங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே கெட்டுப்போன ஃபைலைப் போட்டு இரண்டு நாள் வாங்குகிற தந்திரம் ஒன்று உலவுகிறது, அதற்கென்றே ஃபைல் விற்கிற தளங்கள் கூட உண்டு. ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் உண்மையிலேயே ஃபைல் கெட்டுப்போனவர்களையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், தெரிந்தே செய்ததாகத் தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கைதான்.

மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ் (எதிர்பாராத கஷ்ட சூழ்நிலை) என்று சலுகை கேட்டு விண்ணப்பம் போடலாமா?

தப்பான ஃபைலைப் போட்டது மட்டுமே காரணமென்றால் பெரும்பாலும் தள்ளுபடி ஆகும். லேப்டாப் பழுது, நெட் இல்லை, ஃபைல் மாறிவிட்டது எல்லாம் கணக்கில் வராது என்று பல இடங்களில் விதியிலேயே எழுதியிருக்கிறது. காய்ச்சலில் படுத்திருந்தீர்கள், வீட்டில் ஒரு சாவு, அந்த நிலையில் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்றால் காரணம் காய்ச்சலும் சாவும்தான், அதற்குரிய சான்றோடு அதை எழுதுங்கள். இல்லாத காய்ச்சலுக்கு ஊரிலிருந்து சர்டிஃபிகேட் வரவழைக்கிற யோசனை வேண்டாம். கண்டுபிடித்தால் 5 மதிப்பெண்ணில் முடியாது.

பொங்கலுக்கு ஊரில் இருக்கிறேன். டெட்லைன் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பிரிட்டன் நேரம்தான் கணக்கு. ஜனவரியில் அங்கே பகல் 12 என்றால் நமக்கு மாலை 5:30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருப்பார்கள், அப்போது 4:30. ஜனவரியில் 5:30க்குப் பழகிவிட்டு மே மாதமும் அதே நினைப்பில் இருந்தால் ஒரு மணி நேரம் போயிற்று.

சப்மிட் செய்த கையோடு என்ன பார்க்க வேண்டும்?

டர்னிட்டின் ஒரு ரசீது தரும். அதை மெயிலில் சேமித்துவிட்டு மறக்கிறோம், ஆனால் அதில் ஃபைல் பெயர், பக்கங்கள், சொற்களின் எண்ணிக்கை, சப்மிஷன் எண் எல்லாம் இருக்கும். 3000 சொல் எழுதியவருக்கு ரசீதில் 1140 என்று இருந்தால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். மற்ற சிஸ்டங்களில், நீங்கள் ஏற்றிய ஃபைலை அங்கிருந்தே திரும்ப டவுன்லோட் செய்து திறந்து கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பாருங்கள். முதல் பக்கம் எல்லா டிராஃப்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கடைசிப் பக்கத்தில்தான் வித்தியாசம் தெரியும். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ரியல்' என்று ஒரே ஃபோல்டரில் நான்கு ஃபைல் வைத்திருப்பவர்களிடம் பெயரை மாற்று என்று சொல்லிப் பயனில்லை. சப்மிட் செய்யப்போகிற ஒன்றை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு அங்கிருந்து ஏற்றச் சொல்லலாம்.

குரூப் அசைன்மென்ட். போட்டது நானில்லை, குரூப்பில் ஒருத்தி.

மார்க் எல்லோருக்கும்தான் போகும். அவளைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மெயில், எல்லோர் பெயரும் போட்டு, எல்லோரையும் சிசியில் வைத்து. நான்கு பேர் நான்கு விதமாக எழுதினால் அலுவலகம் எதையும் படிக்காது.

ஃபெயில் ஆகிவிட்டால் விசா போய்விடுமா?

ஒரு அசைன்மென்ட் ஃபெயிலானதற்காக ஸ்டூடன்ட் விசா ரத்தாகாது. ரீசிட் (மறுபடி எழுதுகிற வாய்ப்பு) கொடுப்பார்கள், பெரும்பாலும் பாஸ் மார்க்குக்கு மேல் கிடைக்காதபடி. கவனிக்க வேண்டியது தேதிகளை. படிப்புக்குப் பிறகு வேலை தேடுவதற்கான கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்க, நீங்கள் படிப்பை வெற்றிகரமாக முடித்தீர்கள் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும், உங்கள் ஸ்டூடன்ட் விசாவும் அப்போது உயிரோடு இருக்க வேண்டும். ரீசிட் முடிவு உங்கள் விசா தேதிக்கு அப்புறம் வருமானால், அன்றைக்கே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சீனியர் அண்ணன் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவர் வந்தபோது இருந்த விதி வேறாக இருக்கலாம்.

முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மேலே போகலாமா?

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அப்பீல் வழி இருக்கும், அதற்குக் குறுகிய கெடுவும் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மதிப்பெண் குறைவு என்று அப்பீல் போட முடியாது, விதியைச் சரியாகப் பின்பற்றவில்லை என்பது போன்ற காரணத்துக்குத்தான் போட முடியும். உதாரணமாக, டெட்லைனுக்குள் ஒன்றுமே போடாதவரின் லேட் ஃபைலை வாங்கிக்கொண்டு உங்களுடையதை மறுத்தார்கள், அதற்கான விதியைக் காட்டச் சொன்னால் காட்டவில்லை என்றால் கேட்க நியாயமிருக்கிறது. உள்ளே எல்லாப் படியும் முடிந்ததும் 'கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ்' என்று ஒரு கடிதம் தருவார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகமாக இருந்தால் அந்தக் கடிதத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓஐஏ எனப்படும் சுதந்திரத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதலாம், மாணவருக்குக் கட்டணமில்லை. ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் அங்குள்ள பொதுச்சேவை ஆம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கிற சுதந்திர அதிகாரி) போக வேண்டும். 5 மதிப்பெண்ணுக்காக இவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன். ஒரு வருடப் படிப்பே அதில் தொங்குகிறது என்றால் போங்கள்.

மார்க் வந்த பிறகுதான் கவனித்தேன். இப்போது சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் மாற்றிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். மார்க்கும் பின்னூட்டமும் வெளியானால் அசைன்மென்ட் முடிந்தது என்பதுதான் அவர்கள் கணக்கு, மற்ற மாணவர்களுக்கு வந்த பின்னூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதினீர்களா என்ற சந்தேகத்தை உங்களால் போக்கவே முடியாது. பாஸ் ஆகியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஃபெயில் என்றால், தேர்வுக் குழு கூடி மார்க்கை உறுதி செய்வதற்கு முன்னால், நடந்ததை ஒரு பத்தியில் எழுதி, சரியான ஃபைலையும் ஹிஸ்டரியையும் இணைத்து அனுப்பி, ரீசிட்டுக்கு இதே ஃபைலைப் போடலாமா, புதுத் தலைப்பில் எழுத வேண்டுமா என்று கேளுங்கள். சில மாட்யூல்களில் அதே கேள்விதான் ரீசிட்டுக்கும் வரும், அப்படியென்றால் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.